விளக்குத்தூணுக்குத் தெற்கே

சென்ற இதழில் சுங்குடிச் சேலையைத் துவைக்கும் முறை பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். போகிற போக்கில், “எங்கள் தெருவில் சௌராஷ்டிர வீடுகளில் முடிச்சுப் போட்ட சேலை” என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. வந்த கடிதங்களில் துவைப்பதைப் பற்றி ஒன்றுகூட இல்லை. எல்லாம் அந்த வீடுகளைப் பற்றித்தான். ஆகவே பென்ஷன் படிவக் கேள்விகளும் மூட்டுவலிக் கேள்விகளும் அடுத்த இதழ்வரை பொறுத்திருக்கட்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவள் அல்ல. மதுரை மகால் வடம்போக்கித் தெருவில் அவர்களோடு பொதுச்சுவர் வைத்த வீட்டில் வளர்ந்தவள். அப்பாவுக்கு விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் கணக்கு வேலை. பிறகு நானும் கூட்டுறவு வங்கியில் சேர்ந்து, நெசவாளர் சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டியே ஓய்வு பெற்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து தெரிந்ததுதான்.

கே: கல்யாணமாகி மதுரைக்கு வந்திருக்கிறேன். மகால் அருகே வாடகை வீடு. பக்கத்து வீட்டார் தங்களுக்குள் பேசுவது இந்தி மாதிரியும் இருக்கிறது, தெலுங்கு மாதிரியும் இருக்கிறது. எங்களிடம் நல்ல மதுரைத் தமிழில் பேசுகிறார்கள். யார் இவர்கள், எப்போது வந்தார்கள்? (வாசகி, ஓசூர்)

உங்களுக்கு நல்ல காது. இவர்கள்தான் நான் சொன்ன சௌராஷ்டிரர்கள், பரம்பரையாக நெசவுக்காரர்கள். அந்தப் பேச்சின் எலும்பு வடக்கத்தியது. குஜராத்தி, மராத்தியோடு சேர்ந்த குடும்பம். ஆனால் வரும் வழியில் தெலுங்கையும் கன்னடத்தையும் வாரிப் போட்டுக்கொண்டு, கடைசியில் தமிழில் வந்து கரையேறியது. இந்தியில் ஒன்று, இரண்டு எண்ணத் தெரிந்தவருக்கு அவர்கள் கடையில் எண்ணும்போது பாதி புரியும். நாலு என்றால் ‘சார்’, ஐந்து என்றால் ‘பாஞ்ச்’. மீதியைப் புரிந்துகொள்ளத் தனிப் பிறவி எடுக்க வேண்டும்.

எப்போது வந்தார்கள் என்பதற்கு அவர்கள் கல்யாணச் சடங்கிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1906-ல் பிரான்சிஸ் என்ற ஆங்கில அதிகாரி தொகுத்த மதுரை மாவட்ட விவரச் சுவடி அதைப் பதிவு செய்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டுப் போகிறார்கள். பெண் வீட்டார், நேற்றுவரை தினமும் பார்த்துப் பேசியவர்கள்தான், ஒன்றும் தெரியாதவர்கள்போல நிறுத்தி விசாரிக்கிறார்கள்: நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள்? மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி சொல்கிறார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து கிளம்பினோம், தேவகிரியில் இருந்தோம், அங்கிருந்து விஜயநகரம் போனோம், பிறகு மதுரைக்கு வந்தோம் என்று. வழித்தடம் முழுக்க அதில் இருக்கிறது. நம் வீடுகளில் கொள்ளுத் தாத்தாவின் பெயரைக் கேட்டாலே நாலு பேர் முகத்தைப் பார்த்துக்கொள்வோம். இவர்கள் நூற்றாண்டுக் கணக்கான பயணத்தைத் தாம்பூலத் தட்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அந்த வழித்தடத்துக்குச் சரித்திரம் ஓரளவு ஒத்துப்போகிறது. தேவகிரி யாதவ அரசர்களின் தலைநகர், இன்றைய தௌலதாபாத். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டில்லிப் படைகள் அதை விழுங்கின. விஜயநகரம் 1565-ல் தலைக்கோட்டைப் போரோடு சரிந்தது. பட்டு நெய்கிறவனுக்கு அரண்மனை வேண்டும். அரண்மனை விழுந்தால் தறியைக் கழற்றிக்கொண்டு அடுத்த அரண்மனையைத் தேட வேண்டியதுதான். விஜயநகரத்தின் ஆட்களாக மதுரைக்கு வந்து பிறகு தனியரசு செய்தவர்கள் நாயக்கர்கள். நெசவாளர்கள் அவர்கள் பின்னால் வந்ததில் ஆச்சரியமில்லை. உங்கள் வாடகை வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற மகாலைக் கட்டிய திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. அரண்மனைக்குத் துணி கொடுப்பவர்கள் அரண்மனையைச் சுற்றியே குடியேறினார்கள். அரண்மனை பாதிக்குமேல் இடிந்து போய்விட்டது. துணிக்காரர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

நாயக்கர் அவையில் தெலுங்கு பேச்சு என்பதால் இவர்கள் பேச்சிலும் தெலுங்கு ஏறியது. நீங்கள் கேட்டது அதுதான்.

கே: கஜினி முகமது சோமநாதபுரத்தை இடித்தபோது ஓடிவந்தவர்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். உண்மையா? (வாசகர், திருச்சி)

2023 ஏப்ரலில் குஜராத்தில் சௌராஷ்டிரா தமிழ்ச் சங்கமம் நடந்தபோது இந்தக் கதை எல்லாச் சேனலிலும் ஓடியது. மதுரையிலிருந்து தனி ரயில் விட்டார்கள். என் பழைய தெருவிலிருந்தும் போனார்கள். சோமநாதர் கோவிலில் நின்று அழுதவர்கள் உண்டு. அந்த அழுகையை நான் கேலி செய்யமாட்டேன்.

ஆனால் கணக்கு என்று வந்தால் கணக்குத்தான். கஜினி சோமநாதபுரத்துக்கு வந்தது 1025-26. நாயக்கர் மதுரைக்கும் அதற்கும் நடுவே ஐந்து நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. ஒரு படையெடுப்பில் கிளம்பி ஒரே மூச்சில் வந்தவர்கள் இல்லை. பிழைப்பு இருந்த ஊரில் நாலைந்து தலைமுறை தங்கி, அங்கத்திய பாஷையையும் கொஞ்சம் கற்று, பிழைப்பு போனதும் நகர்ந்தவர்கள். பயம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். கூலியும் ஒரு காரணம். சினிமாவுக்குப் பயம்தான் நன்றாக இருக்கும்.

இன்னொரு கல்வெட்டை அவர்கள் பெருமையோடு காட்டுவார்கள். இன்றைய மத்தியப் பிரதேசத்தில் மந்தசோர் என்ற ஊர். லாட தேசம் என்று சொல்லப்பட்ட தென் குஜராத்திலிருந்து குடிபெயர்ந்து அங்கே போன பட்டு நெசவாளர்கள் கி.பி. 437-ல் சூரியனுக்கு ஒரு கோவில் கட்டினார்கள். 473-ல் பழுது பார்த்தார்கள். அதைப் பாடலாக எழுதிக் கல்லில் வெட்டியும் வைத்தார்கள். புலவர் பெயர் வத்ஸபட்டி. எத்தனை இளமையும் நகையும் இருந்தாலும், பட்டு உடுத்தாமல் ஒரு பெண் காதலனைப் பார்க்கப் போகமாட்டாள் என்கிற பொருளில் அதில் ஒரு பாட்டு வருகிறது. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஜவுளிக்கடை விளம்பரம்! என் அப்பாவின் முதலாளிக்குத் தெரிந்திருந்தால் தீபாவளி நோட்டீஸில் போட்டிருப்பார். அந்த நெசவாளர்களுக்கும் மதுரைக்காரர்களுக்கும் நேரடி ரத்த உறவைக் காட்டும் பத்திரம் கிடையாது. அதே திசை, அதே தொழில், அதே குடிபெயரும் பழக்கம். அதற்குமேல் நான் சொல்ல மாட்டேன்.

கே: பெயருக்குப் பின்னால் ஐயர், ஐயங்கார் என்று போடுகிறார்கள். ஆனால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் இருக்கிறார்கள். பிராமணர்களா இல்லையா? (வாசகர், சென்னை)

இந்தக் கேள்விக்கு மதுரையில் ஒரு முறை தீர்ப்பே சொல்லியாகிவிட்டது. ராணி மங்கம்மாள் ஆண்ட காலம். ஆவணி அவிட்டத்தன்று பூணூல் மாற்றும் உபாகர்மத்தைச் செய்தார்கள் என்பதற்காக இந்தச் சமூகத்தார் பதினெட்டுப் பேரை மதுரை அதிகாரி கைது செய்துவிட்டார். ராணி சாஸ்திரம் படித்தவர்களைக் கூட்டி விசாரித்தாள். செய்யலாம் என்று தீர்ப்பானது. ஓலையில் எழுதியும் கொடுத்தாள். அந்த ஓலை மதுரையில் பத்திரமாக இருக்கிறது என்று 1906 விவரச் சுவடி சொல்கிறது.

அரசாங்கப் பட்டியலில் ‘சௌராஷ்டிரா (பட்டுநூல்காரர்)’ என்று பிற்படுத்தப்பட்டோரில் இருக்கிறார்கள். அது படிப்பு, வருமானம், தொழில் நிலை பார்த்துப் போடுகிற பட்டியல். குழித்தறியில் முழங்கால்வரை இறங்கி உட்கார்ந்து பாவுக்கும் (நீளவாக்கு நூல்) ஊடைக்கும் (குறுக்கு நூல்) நடுவே ஆயுளைக் கழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பட்டியலில் போட்டாலும் அவர்கள் முட்டிவலி ஒன்றுதான். மற்றபடி, பக்கத்து வீட்டுக்காரர் பூணூல் எத்தனை இழை என்று எண்ணுவது எனக்குப் பிடிக்காத வேலை. அடுத்த கேள்வி.

கே: நாம் பக்கத்தில் நிற்கும்போதே அவர்கள் பாஷையில் பேசிச் சிரிக்கிறார்கள். நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று சங்கடமாக இருக்கிறது. தமிழில் பேசுங்கள் என்று சொல்லலாமா? (வாசகி, மதுரை கைத்தறி நகர்)

சொல்லலாம். சொன்னால் தமிழில் பேசுவார்கள். அப்புறம் நீங்கள் உள்ளே போனதும் உங்களைப் பற்றிப் பேசுவார்கள்! இப்போது பேசுவது பெரும்பாலும் குழம்புக்கு உப்புப் போட்டாயா, இல்லையா என்பதாக இருக்கும்.

என் அம்மாவுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. பொதுச்சுவரில் காது வைக்காத குறையாக நிற்பாள். பக்கத்து வீட்டு மாமியும் அவர் நாத்தனாரும் பேசுவதில் எங்கள் வீட்டுப் பேர் எதுவும் வருகிறதா என்று பார்ப்பாள். ஒரு நாள் என் பேர் வந்துவிட்டது. அம்மாவுக்கு ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் காலையில் மாமி ஒரு தூக்குவாளியோடு வந்தார். எனக்கு இருமல் விடாமல் கேட்கிறது, பிள்ளைக்குச் சளி கட்டியிருக்கு போல என்று நாத்தனாரிடம் சொன்னாராம். கையில் முள்முருங்கை வடை.

அதைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. கல்யாண முருங்கை என்று சொல்வோமே, முள் உள்ள மரம், சிவப்பாகப் பூக்கும், அந்த இலையை ஊறவைத்த அரிசியோடு அரைத்து, துணியில் மெலிதாகத் தட்டி, எண்ணெயில் போட்டால் பூரி மாதிரி எழும்பும். பச்சை நிறம். மேலே காரப்பொடியைத் தூவித் தருவார்கள். அவர்கள் பாஷையில் அந்த இலைக்குப் ‘பங்கரபான்’ என்று பெயர். சாயங்காலமானால் மகால் பக்கத்துத் தெருக்களில் வாசல் அடுப்பில் போட்டு விற்பார்கள். சளிக்கு நல்லது என்று சொல்லித்தான் சாப்பிடுவோம். சளி இல்லாதவர்கள்தான் அதிகம் சாப்பிடுவார்கள்.

பாஷை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கடன்காரனைப் பற்றிப் பேச வேண்டுமானால் அம்மா குரலைத் தாழ்த்துவாள். அவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, அவ்வளவுதான். தெருவில் தமிழ், கடையில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ், சாமிக்குச் சமஸ்கிருதமும் தமிழும். மிச்சம் அவர்களுக்கென்று இருப்பது சமையலறையும் திண்ணையும். அதையும் நமக்காகக் காலி செய்யச் சொல்வது கொஞ்சம் அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்த மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 2,47,000 பேர். அந்தக் கணக்கில்கூட அதற்குத் தனி வரி கிடையாது, குஜராத்திக்குக் கீழே ஒரு கிளையாகச் சேர்த்திருக்கிறார்கள்.

கே: அந்த மொழிக்கு எழுத்து உண்டா? (மாணவர், திண்டுக்கல்)

உண்டு. தனி எழுத்து. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரையைச் சேர்ந்த டி. எம். ராமராய் அதற்கு அச்செழுத்து வார்த்துப் பாடப்புத்தகம் போட்டார். 2008-ல் யூனிகோடில் ஏறியது. கணினியில் இருக்கிறது, செல்போனிலும் வரும். வாசிக்கத் தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டும். தெலுங்கு எழுத்தில், நாகரியில், தமிழில், சொந்த எழுத்தில் என்று எதில் எழுதுவது என்பதே அவர்களுக்குள் நூறாண்டுச் சண்டை. அதில் வெளியார் வாய் வைக்கக் கூடாது. ஜப்பானிலிருந்து நொரிஹிகோ உச்சிதா என்ற மொழியியல் அறிஞர் வந்து உட்கார்ந்து கற்று, 1990-ல் சௌராஷ்டிர ஆங்கில அகராதி போட்டார். பொதுச்சுவர் வைத்திருந்த நான் கற்கவில்லை.

பாட்டில் கேட்க ஆசையானால் நடனகோபால நாயகி சுவாமிகள் பாடல்களைக் கேளுங்கள். 1843-ல் மதுரையில் பிறந்தவர், 1914-ல் மறைந்தவர். கண்ணனைக் காதலிக்கும் நாயகியாகவே தம்மை நினைத்து, பெண்வேடம் பூண்டு ஆடிப் பாடினார். சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் பாடியிருக்கிறார். மார்கழியில் விடியற்காலம் பஜனை கோஷ்டி எங்கள் தெருவில் அவர் பாட்டைப் பாடிக்கொண்டு போகும். அழகர்கோவில் போகும் வழியில் காதக்கிணற்றில் அவர் சமாதி இருக்கிறது.

கே: கடையில் ‘ஒரிஜினல் மதுரைச் சுங்குடி’ என்று கேட்டு வாங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா, இது அச்சு என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, விருதுநகர்)

அக்கா சொன்னது சரியாகத்தான் இருக்கும். இன்று சுங்குடி என்ற பெயரில் கடையில் மடித்து வைத்திருப்பதில் பெரும்பகுதி அச்சடித்தது. மெழுகு அச்சு, கட்டை அச்சு, திரை அச்சு என்று பல ரகம். அதிலும் நல்ல பருத்தி உண்டு, வெயிலுக்கு இதம், கட்டிக்கொள்ளுங்கள், பாவமில்லை. ஆனால் முடிச்சுச் சுங்குடி வேறு.

எப்படிச் செய்வார்கள் என்று சொன்னால் கண்டுபிடிப்பது எளிது. வெள்ளைத் துணியை மடித்து, புள்ளி வரவேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்வார்கள். பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து, குறித்த இடத்தில் துணியைக் கிள்ளி எடுத்து, நகநுனி அளவுக்கு, அதன் கழுத்தில் நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். ஒரு முடிச்சு ஒரு புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. கட்டி முடித்த சேலை, பார்ப்பதற்குச் சுருண்டு ஒரு முழத் துணிபோல ஆகிவிடும். அதைச் சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரித்தால், நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறியிருக்காது.

ஆகவே கவனியுங்கள். முடிச்சுப் புள்ளி கச்சிதமான வட்டமாக இருக்காது. ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்படும். வெள்ளை வளையத்தின் நடுவே கிள்ளிய நுனியில் ஊசிமுனை அளவு நிறம் இருக்கும். புதுச் சேலை என்றால் புள்ளி இருக்கும் இடத்தில் துணி லேசாகப் புடைத்துச் சுருங்கியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும். துணியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் வரிசை பிசகாமல் நிற்கிறதென்றால் அச்சு.

பக்கத்து வீட்டில் மாமியும் பெண்களும் மத்தியானச் சாப்பாடு ஆனதும் முடிச்சுக்கு உட்காருவார்கள். நானும் போய் உட்காருவேன். வாய் ஓயாமல் பேசும். கை துணியைப் பார்க்காமலே கிள்ளும். நான் ஒரு முடிச்சுப் போடும் நேரத்தில் அந்தப் பெண்கள் ஒரு வரிசையே முடித்திருப்பார்கள். என் முடிச்சு சாயத்தில் அவிழ்ந்து, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கறை விழும் என்று மாமிக்குத் தெரியும். அதனால் முந்தானை மடிப்புக்குள் மறைகிற மூலையை எனக்கென்று ஒதுக்கிக் கொடுப்பார். முடிச்சுக்கு இவ்வளவு என்று கூலி. அது வீட்டுச் செலவுக்கு வராது, பெண்களின் சுருக்குப்பைக்குப் போகும். கல்லூரிக்குப் பணம் கட்டினது, தோடு வாங்கினது எல்லாம் அந்தச் சுருக்குப்பையிலிருந்துதான்.

சாயம் ஆண்கள் வேலை. அந்தக் காலத்தில் சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. பிறகு ஜெர்மனியிலிருந்து அலிசரின் என்ற ரசாயனச் சாயம் வந்தது, வேர் போயிற்று. வைகைத் தண்ணீரில் அலசினால்தான் சிவப்பு நிற்கும் என்று பெரியவர்கள் சத்தியம் செய்வார்கள். ஆற்று மணலில் சேலைகளை நீளமாக விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது கீழே பார்த்தால் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக இருக்கும். அழகு ஒரு பக்கம். சாயத் தண்ணீர் போகிற சாக்கடை எங்கள் வாசலில் ஓடியது இன்னொரு பக்கம். இன்றைக்கு என்ன நிறம் என்று எட்டிப் பார்ப்பது எங்களுக்கு விளையாட்டு. அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். கட்டுப்பாடு வந்தபோது சின்னப் பட்டறைகள்தான் முதலில் மூடின.

2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் காப்பாற்ற அது உதவும். முடிச்சுப் போட உட்காரும் பெண்ணுக்கு, மணிக்கணக்கில் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டு மாமியின் பேத்தி இன்று கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அவளிடம் போய், பாட்டி கலையை ஏன் விட்டாய் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. நான் கேட்டால், அவள் என்னைப் பார்த்து, நீங்கள் மட்டும் ஏன் அச்சுச் சேலை கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்பாள்.

கே: டி.எம்.எஸ். சௌராஷ்டிரர் என்கிறார்களே? இன்னும் யார் யார்? (வாசகர், தேனி)

ஆமாம். தொகுளுவா மீனாட்சி ஐயங்கார் சௌந்தரராஜன்; 1922-ல் மதுரையில் பிறந்தார். முதலில் வரும் ‘தொகுளுவா’ குடும்பப் பெயர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்படி ஒன்று உண்டு. தமிழை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று தமிழ்நாடே அவரிடம் கற்றது. வீட்டில் வேறு பாஷை பேசி வளர்ந்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

‘மதுரை காந்தி’ என்று சொல்லப்பட்ட என். எம். ஆர். சுப்பராமன் இன்னொருவர். 1939-ல் தாழ்த்தப்பட்டவர்களை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் அழைத்துப் போன வைத்தியநாத ஐயரோடு நின்றவர், 1962-ல் மதுரையின் நாடாளுமன்ற உறுப்பினர். எழுத்தில் கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம். பட்டு ஜரிகை வியாபாரம் செய்துகொண்டே எழுதி, 1993-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். தறிக்காரக் குடும்பத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருடைய ‘வேள்வித்தீ’ நாவலைத் தேடிப் படியுங்கள். பட்டியல் நீளும், நிறுத்திக்கொள்கிறேன். பிரபலங்களை எண்ணி ஒரு சமூகத்தை அளப்பது கல்யாணப் பந்தியை மாலைகளை எண்ணி அளப்பது மாதிரி.

கே: மகன் சௌராஷ்டிரப் பெண்ணை விரும்புகிறான். நாங்கள் அசைவம். அவர்கள் சைவமா? வேறு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? (பெயர் வேண்டாம் என்கிற தாய், கோவை)

சைவமும் உண்டு, கவுச்சி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாத வீடும் உண்டு. அந்தப் பெண்ணிடமே கேளுங்கள் அம்மா, அவளுக்கு வாய் இருக்கும். தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றே ஒன்று: கல்யாணமான புதிதில் அவள் அம்மாவோடு போனில் பேசும்போது உங்களுக்கு ஒன்றும் புரியாது. மேலே கைத்தறி நகர் வாசகிக்கு எழுதினதை மறுபடி படித்துக்கொள்ளுங்கள்.

கே: எல்லாம் மதுரையைப் பற்றியே எழுதுகிறீர்கள். பரமக்குடி, எமனேஸ்வரம் உங்கள் கண்ணில் படாதா? இங்கே எத்தனை தறி நின்றுவிட்டது தெரியுமா? (வாசகர், பரமக்குடி)

படும் ஐயா. கோபம் நியாயமானது. சேலத்து வெண்பட்டு வேட்டியையும் கும்பகோணம், திருபுவனம் பட்டையும் சொல்லாமல் விட்டதற்கும் யாராவது எழுதுவார்கள், அவர்களும் மன்னிக்கவும். உங்கள் ஊரில் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வைகையில் இறங்குவது மதுரைக்கு இணையாக நடப்பதும், அந்தச் சுந்தரராஜப் பெருமாள் கோவில் சௌராஷ்டிர மக்களுடையது என்பதும் எனக்குத் தெரியும்.

தறி விஷயத்தை நான் பேரேட்டிலிருந்து சொல்ல முடியும். கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்த நெசவாளருக்குச் சங்கம் பாவும் ஊடையும் கொடுக்கும். அவர் நெய்து சேலையாகத் திருப்பிக் கொடுப்பார், கூலி வாங்கிக்கொள்வார். கூலியில் ஒரு பகுதி சேமிப்புக் கணக்கில் பிடிப்பார்கள். பார்க்க நல்ல ஏற்பாடு. சங்கம் சேலையை விற்றால்தான் அடுத்த பாவுக்கு நூல் வாங்க முடியும். கொள்முதல் செய்கிற இடத்திலிருந்து பணம் வர மாதக்கணக்காகும். அதற்குள் நூல் விலை ஏறும். நடப்பு மூலதனத்துக்கு எங்கள் வங்கியில் கடன் கேட்டு வருவார்கள், கடனுக்கு வட்டி. கிடங்கில் சேலை அடுக்கடுக்காக இருக்கும், தறியில் பாவு இருக்காது. பேரேட்டில் ‘சரக்கு இருப்பு’ என்ற வரி வீங்க வீங்க எனக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அந்த வரி வீங்கினால் இரண்டு மாதத்தில் ‘கூலி பட்டுவாடா’ என்ற வரி வற்றும். வெளியே இருந்து பார்க்கிறவர்கள் சங்கம் லட்சக்கணக்கில் சரக்கு வைத்திருக்கிறது என்பார்கள்.

விசைத்தறி வேறு. சில ரகங்கள் கைத்தறிக்கு மட்டும் என்று 1985-ல் சட்டமே போட்டார்கள். சட்டம் போட்டதும் பட்டியலில் இருபத்திரண்டு ரகம். பிறகு பதினொன்றாகச் சுருங்கியது. கைத்தறி என்று ஒட்டிய விசைத்தறிச் சேலையை நீங்களும் நானும் வாங்கியிருப்போம்.

இந்தக் கடிதங்களில் பத்தில் ஒன்பது பேர் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இப்போது தறி ஓடுகிறதா என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். சோமநாதபுரம்வரை ரயில் விட்ட உற்சாகத்தில் கால்வாசி, எமனேஸ்வரத்துச் சங்கக் கிடங்கைக் காலி செய்வதில் காட்டியிருக்கலாம் என்பது என் கட்சி. வாசகர்களுக்குச் சொல்கிறேன்: பரமக்குடிப் பக்கம் போனால் சங்கத்து விற்பனை நிலையத்திலேயே நேராகப் போய் வாங்குங்கள். ஆடித் தள்ளுபடிக்காகக் காத்திருக்க வேண்டாம். நெய்தவர் யார் என்று கேட்டால் சீட்டில் உறுப்பினர் எண் இருக்கும், சில இடங்களில் ஆளையே கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

பரமக்குடி வாசகரே, வருகிற சித்திரைக்கு உங்கள் ஊர் அழகரைப் பார்க்க வரலாம் என்றிருக்கிறேன். அந்த நாளில் லாட்ஜ் கிடைக்காது என்கிறார்கள். திண்ணை இருந்தால் போதும், எழுதிப் போடுங்கள்.